பிளாக்கிங் பெப்டைடு போட்டதும் மறைந்த பேண்ட் எல்லாம் பாஸ்போலாம்பன்தானா?

கேள்வி கேட்டவர் சுண்டெலி இதயத் திசுவில், இதயத் தசையின் சிறு புரதமான பாஸ்போலாம்பனுக்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) செய்திருக்கிறார். கையில் இருப்பது சுண்டெலியில் உருவாக்கிய மோனோகுளோனல் (ஒரே இடத்தைப் பிடிக்கும் ஒரே வகை) ஆன்டிபாடி, அதோடு அதற்கென்றே விற்கும் பிளாக்கிங் பெப்டைடு. பெப்டைடு சேர்க்காத மெம்பிரேனில் 6, 25, 37, 50 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே நான்கு பேண்டுகள் (கோடுகள்) வந்திருக்கின்றன. பெப்டைடு சேர்த்ததும் 6ம் 37ம் போய்விட்டன, 25 மங்கியது, 50 அப்படியே நிற்கிறது. "எவ்வளவு பெப்டைடு போட்டால் 25ம் முழுதாகப் போகும்?" என்று கேட்கிறார். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, மறைந்தவை எல்லாம் பாஸ்போலாம்பன், மறையாதவை எல்லாம் குப்பை என்று எழுதிவிடலாமா என்பதுதான். எழுதக் கூடாது. மறைந்ததில் பாஸ்போலாம்பன் அல்லாதது இருக்கலாம், மறையாததில் பாஸ்போலாம்பன் இருக்கலாம். அவர் படத்தில் இரண்டும் ஒன்றாக நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மெம்பிரேனை நேரில் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சோதனை எந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் என்பதைச் சொல்ல முடியும்.

பிளாக்கிங் பெப்டைடு என்பது ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட அமினோ அமிலத் துண்டு, அல்லது ஆன்டிபாடி போய்ப் பிடிக்கும் இடத்தை உள்ளடக்கிய துண்டு. அதைத் தேவைக்கு மிஞ்சிச் சேர்த்தால் ஆன்டிபாடியின் இரண்டு பிடிமுனைகளும் கரைசலிலேயே நிரம்பிவிடும், மெம்பிரேனில் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒரு பேண்ட் மறைந்தால் தெரிய வருவது ஒன்றுதான்: அதை ஆன்டிபாடி தன் பிடிமுனையால் பிடித்திருந்தது. இரண்டாம் ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துச் சமிக்ஞை தருவது) தானாகப் போய் ஒட்டியது, மெம்பிரேன் பின்னணி, எஃப்சி பகுதி (ஆன்டிபாடியின் அடித்தண்டு) வழியாக ஒட்டியது ஆகியவை இதனால் விலக்கப்படுகின்றன. பிடிபட்ட புரதம் எது என்பதற்கு இதில் பதில் கிடையாது. அதே பிடிமுனை வேறொரு புரதத்தில் உள்ள ஒத்த துண்டையும் பிடிக்குமானால், பெப்டைடு அந்தப் பேண்டையும் சேர்த்தே அழிக்கும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்: இந்தப் பெப்டைடு தடுப்பது ஆன்டிபாடியை, பாஸ்போலாம்பனை அல்ல. செல்லுக்குள் பாஸ்போலாம்பன் வேலையை நிறுத்தலாம் என்று நினைத்து இதை மீடியத்தில் ஊற்றிப் பயனில்லை.

இந்தப் புரதத்துக்கென்று சில தனிக் குணங்கள் இருக்கின்றன, அவை தெரியாமல் மேலே உள்ள படத்தைப் படிக்க முடியாது. பாஸ்போலாம்பனை 1970களில் ஆர்னால்ட் கேட்ஸ், மிச்சிஹிகோ டாடா ஆகியோரின் குழு இதயத்தின் சார்க்கோபிளாஸ்மிக் ரெடிகுலத்தில் (தசைச் செல்லின் கால்சியக் கிடங்கு) கண்டறிந்தது. மொத்தம் 52 அமினோ அமிலங்கள், எடை சுமார் 6 கிலோடால்டன். கால்சியத்தை ரெடிகுலத்துக்குள் இறைக்கும் செர்கா 2ஏ பம்ப்பின் மேல் உட்கார்ந்து, கால்சியத்தின் மேல் அதற்கிருக்கும் ஈர்ப்பைக் குறைத்து வைக்கும். அட்ரினலின் சிக்னல் வரும்போது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி இதன் 16ஆம் இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏற்றும்; கால்மாடுலின் சார்ந்த கைனேஸ் 17ஆம் இடத்துத் திரியோனினில் ஏற்றும்; அப்போது பம்ப்பின் மேலுள்ள அடக்குமுறை தளரும். நமக்கு முக்கியமான குணம் வேறு. ஐந்து பாஸ்போலாம்பன்கள் சேர்ந்து ஒரு ஐங்கூட்டாக நிற்கும், அந்தக் கூட்டு புரதங்களைக் குலைக்கும் எஸ்டிஎஸ் சோப்பிலும் உடையாது. சாம்பிளைக் கொதிக்க வைக்காமல் ஜெல்லில் ஏற்றினால் 25 கிலோடால்டன் அருகே ஓடும். 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் பிரிந்து 6 அருகே இறங்கும். அரைகுறையாகச் சூடாக்கினால் இரண்டும் தெரியும்.

இப்போது 50ஐயும் 25ஐயும் பார்ப்போம். முதல் ஆன்டிபாடி சுண்டெலியுடையது, திசுவும் சுண்டெலியுடையது. ஆகவே இரண்டாம் ஆன்டிபாடி சுண்டெலி ஐஜிஜியை (ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி வகை, முதல் ஆன்டிபாடியும் அதுவே) தேடுவது. இதயத்தை வெட்டி எடுத்து ரத்தத்தைக் கழுவாமல் அரைத்திருந்தால், திசுவில் தங்கிய ரத்தத்தின் ஐஜிஜியும் ஜெல்லில் ஏறியிருக்கும். சங்கிலிகளைப் பிரிக்கும் மெர்கேப்டோஎத்தனால் சேர்த்த சாம்பிளில் அதன் கனச்சங்கிலி 50 அருகிலும் லேசான சங்கிலி 25 அருகிலும் ஓடும். இரண்டாம் ஆன்டிபாடி அவற்றை நேரடியாகப் பிடிக்கும், முதல் ஆன்டிபாடிக்கு இதில் வேலையே இல்லை. அதனால் நீங்கள் பெப்டைடை எவ்வளவு கொட்டினாலும் 50 அசையாது. 25 மட்டும் மங்கியதற்குக் காரணம், அந்த இடத்தில் ஐங்கூட்டும் லேசான சங்கிலியும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, ஐங்கூட்டு போய்ச் சங்கிலி மிஞ்சியதாக இருக்கலாம். இந்தத் தற்செயல் பொருத்தம்தான் பாஸ்போலாம்பன் வேலையில் மிகவும் எரிச்சலூட்டுவது. சரிபார்ப்பது எளிது: அதே சாம்பிள் ஓடிய மெம்பிரேனில் ஒரு துண்டை வெட்டி, முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போடுங்கள். 25ம் 50ம் தெரிந்தால் விஷயம் முடிந்தது. அடுத்த முறை இதயத்தை ஹெபாரின் கலந்த சலைன் செலுத்தி ரத்தம் போகக் கழுவிவிட்டு உறைய வையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் முயலில் உருவாக்கிய ஆன்டிபாடிக்கு மாறுங்கள், அல்லது சமிக்ஞை தரும் நொதியான ஹெச்ஆர்பி நேரடியாக இணைத்த முதல் ஆன்டிபாடியைப் பயன்படுத்தி இரண்டாவதையே தவிருங்கள்.

அந்த மெம்பிரேன் துண்டில் ஒன்றும் தெரியாவிட்டால் 25க்கு வேறு விளக்கம் வேண்டும். ஐங்கூட்டில் ஆன்டிபாடி பிடிக்கும் அதே இடம் ஐந்து முறை நெருக்கமாக நிற்கிறது. ஒரு ஐஜிஜி தன் இரண்டு முனைகளாலும் அதைப் பிடித்துக்கொள்ள முடியும். இரண்டு முனையும் பிடித்தது, ஒரு முனை பிடித்ததைப் போல எளிதாக விடாது. கரைசலில் தனித்தனியாகத் திரியும் பெப்டைடுக்கு அந்த வசதி இல்லை. எனவே தனி மூலக்கூறின் பேண்ட் போய்விட்ட பெப்டைடு அளவில் ஐங்கூட்டின் பேண்ட் கொஞ்சம் நிற்பது இயல்பே. இதயக் கீழறையில் இந்தப் புரதம் ஏராளம் என்பதால், 20, 30 மைக்ரோகிராம் என்று ஏற்றினால் மிஞ்சிய சிறிதளவு ஆன்டிபாடிகூடப் பளிச்சென்று காட்டும். கொதிக்க வைத்த சாம்பிள், வைக்காத சாம்பிள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். கொதிக்க வைத்ததில் 25 குறைந்து 6 ஏறினால், குறைந்த பங்கு பாஸ்போலாம்பன். கொதித்தும் நகராமல் நிற்கும் பங்கு வேறு ஏதோ. பெப்டைடு சோதனையைவிட இந்த ஐந்து நிமிடச் சூடு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. ஏனென்றால் இது ஆன்டிபாடியை அல்ல, புரதத்தின் குணத்தையே சோதிக்கிறது.

37தான் ஆபத்தானது. பெப்டைடு போட்டதும் போய்விட்டது என்பதால் அதற்கு ஒரு பெயர் சூட்டத் தோன்றும். மாற்றமடைந்த பாஸ்போலாம்பன், வேறு புரதத்தோடு கூட்டு என்றெல்லாம். பொதுவாக ஒரு மோனோகுளோனல் நேர்வரிசைத் துண்டில் ஐந்து முதல் எட்டு அமினோ அமிலங்களைத்தான் பார்க்கிறது. பாஸ்போலாம்பனில் 13 முதல் 16 வரை வருவது ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின், செரின். இது புரோட்டீன் கைனேஸ் ஏ விரும்பும் வரிசை, இந்த மாதிரி வரிசை பல புரதங்களில் உண்டு. அந்தக் கைனேஸை அளக்க ஆய்வகங்களில் பயன்படுத்தும் கெம்ப்டைடு என்ற செயற்கைப் பெப்டைடிலும் இதே நான்கும் இதே வரிசையில்தான் இருக்கின்றன. அது பாஸ்போலாம்பனிலிருந்து அல்ல, கல்லீரல் பைருவேட் கைனேஸிலிருந்து எடுத்தது. உங்கள் ஆன்டிபாடி பிடிக்கும் இடம் இந்தப் பகுதியைத் தொடுகிறது என்றால், இதே வரிசை கொண்ட வேறொரு புரதத்தை லேசாகப் பிடிப்பதில் வியப்பில்லை. அந்தப் பிடிப்பு பிடிமுனை வழியாகவே நடப்பதால் பெப்டைடு அதை அழிக்கும். சொல்லப்போனால் அதைத்தான் முதலில் அழிக்கும். பெப்டைடு செய்வது கட்டற்ற ஆன்டிபாடியின் அளவைக் குறைப்பது மட்டுமே. ஆன்டிபாடியை நன்றாக நீர்க்கச் செய்தாலும் பலவீனமான பிடிப்புகள்தான் முதலில் போகும். ஆகவே 0.1 மைக்ரோகிராம் பெப்டைடிலேயே 37 போய், 6 போக 2 மைக்ரோகிராம் தேவைப்பட்டால், அது 37க்கு எதிரான சாட்சி. முடிவான சோதனைக்குப் பாஸ்போலாம்பன் இல்லாத திசு வேண்டும். அதைப் பற்றிக் கீழே.

அளவுக்கு வருவோம். ஆன்டிபாடியைப் போல எடையில் ஐந்து மடங்கு பெப்டைடு என்று பல குறிப்புத்தாள்கள் சொல்லும். அது விதி அல்ல, தொடங்குவதற்கு ஓர் இடம். கணக்கைப் போட்டால் ஏன் போதும் என்று புரியும். ஐஜிஜியின் எடை 1,50,000 டால்டன், எனவே 1 மைக்ரோகிராம் என்பது 6.7 பிகோமோல், பிடிமுனைகள் 13.3 பிகோமோல். பாஸ்போலாம்பனின் 3 முதல் 17 வரையிலான பதினைந்து அமினோ அமிலத் துண்டை எடுத்துக்கொண்டால் எடை 1750 டால்டன். அதில் 5 மைக்ரோகிராம் என்பது சுமார் 2860 பிகோமோல். ஒரு பிடிமுனைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட பெப்டைடுகள். இதில் நிரம்பாத ஆன்டிபாடியை அளவு கூட்டி நிரப்புவது அரிது, ஆகவே 25 போகவில்லை என்று 50 மைக்ரோகிராம் கொட்டும் முன் மேலே சொன்ன காரணங்களைத் தேடுங்கள். இந்தக் கணக்கு சுத்திகரித்த ஆன்டிபாடிக்குப் பொருந்தும். முழுச் சீரம் என்றால் ஒரு மி.லி.யில் ஏறக்குறைய 10 மி.கி. ஐஜிஜி இருக்கும், அதில் உங்களுக்கு வேண்டியது சிறு பங்கே. எடை விகிதம் பார்த்தால் பெப்டைடை வீணடிப்பீர்கள். வாங்கிய புட்டியில் ஆன்டிபாடியோடு பிஎஸ்ஏ (மாட்டுச் சீர அல்புமின் புரதம்) கலந்திருந்தால் மொத்தப் புரத அளவை ஆன்டிபாடி அளவு என்று எடுத்துவிடாதீர்கள்.

மேற்சொன்ன 3–17 துண்டுக்கு ஒரு வசதி உண்டு. மனிதப் பாஸ்போலாம்பனுக்கும் சுண்டெலியினதுக்கும் உள்ள வேறுபாடு 27ஆம் இடத்தில் இருக்கிறது, இந்தத் துண்டு இரண்டிலும் ஒன்றே. ஆகவே மனித வரிசையைப் பார்த்துச் செய்த பெப்டைடானாலும் சுண்டெலி வேலைக்கு ஆகும். பெப்டைடைத் தனியே செய்ய ஆர்டர் கொடுத்தீர்கள் என்றால், தூளின் எடை முழுவதும் பெப்டைடு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். இந்தத் துண்டில் ஒரு லைசின், மூன்று ஆர்ஜினின், திறந்த அமினோ முனை ஆக ஐந்து நேர்மின்னிடங்கள். சுத்திகரிப்பில் வரும் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் ஐந்தோடும் ஒட்டிக்கொண்டால் தூளில் கிட்டத்தட்ட கால் பங்கு அதுவே, ஈரம் இதற்கு மேல். காரத்தன்மையுள்ள பெப்டைடு என்பதால் நீரிலேயே நன்றாகக் கரையும், டிஎம்எஸ்ஓ தேவைப்படாது. 1 மி.கி./மி.லி. கரைசலை pH தாளில் தொட்டுப் பாருங்கள். புளிப்பாக இருந்தால் டிரிஸ் பஃபரில் நடுநிலையாக்கிக்கொள்ளுங்கள். சவ்வுக்குள் புதைந்திருக்கும் பின்பாதியிலிருந்து பெப்டைடு செய்திருந்தால் கதை வேறு. அது நீரில் கட்டியாகும், குழாய்ச் சுவரில் ஒட்டும், மெம்பிரேனில் படிந்து பின்னணியை ஏற்றும். கரைத்ததை 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து −20 டிகிரியில் வையுங்கள், ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஆன்டிபாடியின் மூலப் புட்டிக்கு அருகில் பெப்டைடு தொட்ட பிப்பெட் முனை போகவே கூடாது.

செய்முறைக்கு முன் ஆன்டிபாடி நீர்ப்பைச் சரிசெய்யுங்கள். பேண்ட் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த செறிவு எதுவோ அதில்தான் பெப்டைடு சோதனை அர்த்தமுள்ளது. 1 மி.கி./மி.லி. புட்டி என்றால் 1:1000இல் தொடங்கி 1:5000, 1:10000 வரை போய்ப் பாருங்கள். 1:5000 போதும் என்று வைத்துக்கொள்வோம். டிரிஸ் சலைனில் 0.1 சதவீத ட்வீன், 1 சதவீத பிஎஸ்ஏ சேர்த்த பஃபரில் ஆன்டிபாடியை மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் வருமாறு ஒரே குழாயில் கலந்து, அதிலிருந்து மூன்று குழாய்களுக்கு அரை மி.லி. வீதம் பிரியுங்கள். ஒன்றில் மேலே சொன்ன 1 மி.கி./மி.லி. பெப்டைடு 5 மைக்ரோலிட்டர், இன்னொன்றில் அதே 5 மைக்ரோலிட்டர் வெறும் கரைப்பான், மூன்றாவதில் அதே அமினோ அமிலங்களை வரிசை குலைத்துச் செய்த பெப்டைடு 5 மைக்ரோலிட்டர். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல், பேண்ட் குறைந்தது குறிப்பிட்ட வரிசையாலா, அல்லது காரமான ஒரு பெப்டைடை அதிகமாகக் கொட்டியதாலா என்று சொல்ல வழியில்லை. புதிதாகச் செய்ய வசதியில்லை என்றால், சம்பந்தமில்லாத வேறொரு ஆன்டிபாடியின் பெப்டைடு ஆய்வகத்தில் கிடந்தால் அதுவும் உதவும்.

மூன்றையும் அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் மெல்லச் சுழல விடுங்கள், அல்லது 4 டிகிரியில் இரவு முழுதும். பிறகு ஒவ்வொன்றிலும் 4.5 மி.லி. பஃபர் ஊற்றி மெம்பிரேன் மேல் போடுங்கள். இப்போது ஆன்டிபாடி 1:5000க்கு வந்துவிடும். பெப்டைடு 1 மைக்ரோகிராம்/மி.லி., அதாவது 0.57 மைக்ரோமோலார் இருக்கும். நல்ல ஆன்டிபாடி நானோமோலார் அளவில் பிடிப்பது என்பதால் நீர்த்த பிறகும் இது போதும். ஆனால் சிலர் சிறு அளவு பெப்டைடோடு ஊறவைத்துவிட்டு 50 மி.லி.யில் கரைக்கிறார்கள், அப்போது பிடித்த பெப்டைடு கழன்று பேண்ட் திரும்பும். மெம்பிரேனில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் போதும். இரவு முழுதும் விட்டால், கழன்று கழன்று ஒட்டும் ஆட்டத்தில் இரு முனையாலும் பிடிக்கும் மெம்பிரேன் பக்கமே மெல்ல மெல்ல வெல்லும். எதைச் செய்தாலும் மூன்று மெம்பிரேனுக்கும் ஒரே நேரம், ஒரே இரண்டாம் ஆன்டிபாடி, ஒரே கெமிலுமினசென்ஸ் கரைசல், ஒரே ஃப்ரேமில் ஒரே எக்ஸ்போஷர். தனித்தனியாகப் படமெடுத்து மென்பொருளின் தானியங்கி அளவீட்டுக்கு விட்டால் பெப்டைடு போட்ட மெம்பிரேனின் மங்கல் பேண்டையும் அது கறுப்பாக்கிக் காட்டும். ஒரே மெம்பிரேனைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதும் வேண்டாம். 6 கிலோடால்டன் புரதம் கழுவலில் போய்விட்டு, பெப்டைடு தடுத்ததுபோலத் தோற்றம் தரும்.

ஜெல் விஷயத்தில் இந்தச் சிறிய புரதம் கருணை காட்டாது. 10 சதவீத ஜெல்லில் 6 கிலோடால்டன் சாய முனையோடு வெளியே ஓடிவிடும். 4–20 சதவீத கிரேடியன்ட் அல்லது 16.5 சதவீத டிரைசின் ஜெல் எடுத்து, சாயம் அடியிலிருந்து ஒரு செ.மீ. மேலே இருக்கும்போதே நிறுத்துங்கள். பிவிடிஎஃப் மெம்பிரேன் 0.45 அல்ல, 0.2 மைக்ரான் துளை. பஃபரில் 20 சதவீத மெத்தனால் இருக்கட்டும். டிரான்ஸ்ஃபர் நேரத்தை நீட்டினால் புரதம் மெம்பிரேனைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். சந்தேகமிருந்தால் பின்னால் இரண்டாவது மெம்பிரேன் ஒன்றை வைத்துப் பாருங்கள். கீழறைத் திசு லேனுக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் போதும். ஒரே ஜெல்லில் அதே சாம்பிள்களை மூன்று தொகுதியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு லேடரோடு (எடை அளவுகோல்) ஏற்றி, டிரான்ஸ்ஃபர் முடிந்த பின் வெட்டினால் மூன்று மெம்பிரேனும் ஒரே சூழலில் பிறந்தவை ஆகும்.

பேண்ட் எதுவுமே குறையவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெப்டைடும் ஆன்டிபாடியும் ஜோடிதானா என்பதை. முழுப் புரதத்தைக் கொண்டு உருவாக்கிய மோனோகுளோனலுக்கு, அதன் பிடியிடம் தெரியாமல் ஏதோ ஒரு பெப்டைடை வாங்கினால் தடுக்காது. மடிந்த வடிவத்தை மட்டும் பிடிப்பதானாலும் சிறு துண்டு உதவாது. முயல் பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பெப்டைடை கேஎல்ஹெச் என்ற பெரிய புரதத்தில் ஒட்டித்தான் ஊசி போட்டிருப்பார்கள். கேஎல்ஹெச்சுக்கும் இணைப்பானுக்கும் எதிராக உருவான ஆன்டிபாடிகள் சுத்திகரிக்காத சீரத்தில் அப்படியே இருக்கும், அவை ஒட்டும் பேண்டைப் பெப்டைடு தொடாது. எல்லாப் பேண்டும் பின்னணியும் சேர்ந்தே மறைந்திருந்தால் மகிழ வேண்டாம். அந்தக் குழாயில் ஆன்டிபாடி விழவில்லையா, கரைப்பானில் pH கெட்டதா என்று பாருங்கள். வரிசை குலைத்த பெப்டைடு அதையும் காட்டிக்கொடுக்கும்.

பாஸ்போ-செரின் 16க்கான ஆன்டிபாடி பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு பெப்டைடு போதாது. பாஸ்பேட் ஏறிய பெப்டைடு பேண்டை அழிக்க வேண்டும், பாஸ்பேட் இல்லாத அதே வரிசை அழிக்கவே கூடாது. இரண்டாவது சோதனைதான் இங்கே கனமானது. அதுவும் குறைத்தால் உங்கள் ஆன்டிபாடி மொத்தப் பாஸ்போலாம்பனையும் கொஞ்சம் பார்க்கிறது. 16ம் 17ம் அடுத்தடுத்து நிற்பதால் திரியோனின் 17இல் மட்டும் பாஸ்பேட் உள்ள பெப்டைடையும், இரண்டிலும் உள்ளதையும் சேர்த்து நான்காக வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்றில் பாஸ்பேட் ஏறியிருக்கும்போது மற்றதன் ஆன்டிபாடி பிடிக்கத் தடுமாறலாம். சாம்பிள் தயாரிப்பில் பாஸ்பேட் கழலாமல் காக்க 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு போன்றது இருக்க வேண்டும். ஆர்த்தோவனடேட் டைரோசினுக்கு உதவும், செரினுக்கு உதவாது. பால் பவுடரில் பிளாக் செய்யாதீர்கள், கேசீனே பாஸ்போ புரதம், பிஎஸ்ஏ போடுங்கள். இந்த ஆன்டிபாடிக்கு மேலே சொன்ன ஆர்ஜினின்–ஆர்ஜினின்–அலனின்–செரின் சிக்கல் இரட்டிப்பு. அட்ரினலின் போலச் செயல்படும் ஐசோபுரோட்டரினால் கொடுத்ததும் வேறு கைனேஸ் ஏ இலக்குகளிலும் பாஸ்பேட் ஏறும், அவையும் கூடும், அவையும் பெப்டைடால் மறையும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவதுபோல் இருக்கும். பெப்டைடோடு, பாஸ்பேட்டை நீக்கும் லாம்டா பாஸ்படேஸ் போட்ட சாம்பிள் லேனையும் காட்டுங்கள்.

நுண்ணோக்கிப் படங்களில் கட்டுப்பாடு இதைவிடத் தளர்ந்தது, ஏனென்றால் அங்கே எடை பார்க்க வழியே இல்லை. இதயத் தசைச் செல்லில் வரிவரியான அமைப்பு தெரிந்து, பெப்டைடு போட்டதும் மறைந்தாலும், அதே வரிகளில் அமைந்த வேறு புரதமாக இருக்க முடியும். ஆன்டிபாடி–பெப்டைடு கலவையை 14,000 ஜியில் பத்து நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகப் புள்ளிகள் வரும். வயதான விலங்குகளின் இதயத்தில் லிப்போஃபுசின் என்ற நிறமி தானாக ஒளிரும், அது பெப்டைடுக்கு மசியாது. வெஸ்டர்ன் பிளாட்டில் சரியாக வந்தது என்பதால் ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய திசுவிலும் அதே ஆன்டிபாடி சரியாக நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தனியாகச் சோதிக்க வேண்டும்.

இந்தச் சோதனையின் எல்லையை ஆன்டிபாடிகளை வேலையாகக் கொண்டவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆன்டிபாடி சரிபார்ப்புக்கான பன்னாட்டுப் பணிக்குழு 2016இல் நேச்சர் மெதட்ஸ் இதழில் ஐந்து வழிகளை முன்வைத்தது: மரபணுவை நீக்குவது அல்லது அடக்குவது, ஆன்டிபாடி சாராத வேறு முறையோடு ஒப்பிடுவது, வேறு இடத்தைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி, டேக் இணைத்த புரதம், பிடித்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்ப்பது. பெப்டைடுத் தடை அந்த ஐந்தில் இல்லை. அதனால் அது வீண் என்று நான் சொல்லவில்லை. ஆன்டிபாடி ஒட்டாத குப்பையைக் கழிக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் புரதத்தின் அடையாளத்துக்கு அதைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

பாஸ்போலாம்பன் இல்லாத சுண்டெலியை 1994இலேயே எவாஞ்சலியா கிரானியாஸின் ஆய்வகம் உருவாக்கியது. அதன் இதயத் துண்டு ஒரு சிட்டிகை கிடைத்தாலும் 37இன் கதை ஒரே ஜெல்லில் முடிந்துவிடும்: அங்கேயும் 37 நின்றால் அது பாஸ்போலாம்பன் அல்ல. கிடைக்காவிட்டால் அதே சுண்டெலியின் கல்லீரலை ஒரு லேனில் ஓட்டுங்கள். அங்கே 37 தெரிந்தால் தீர்ந்தது. தெரியாவிட்டால் ஒன்றும் தீரவில்லை, ஏனென்றால் 37 இதயத்துக்கே உரிய வேறு புரதமாக இருக்கலாம். அடுத்தது எச்இகே 293 என்ற ஆய்வக மனிதச் செல்கள். வெறும் வெக்டர் (பாஸ்போலாம்பன் மரபணு இல்லாத டிஎன்ஏ வளையம்) போட்டதையும் பாஸ்போலாம்பன் பிளாஸ்மிட் போட்டதையும் பக்கத்தில் ஓட்டினால், 6ம் கொதிக்காத 25ம் பிளாஸ்மிட் போட்டதில் மட்டும் வர வேண்டும். பிறந்த எலிக்குட்டியின் இதயச் செல்களை வளர்க்கும் வசதி உள்ளவர்கள் பாஸ்போலாம்பன் மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொடுத்து மூன்று நாள் கழித்துப் பார்க்கலாம். 6 குறைந்த அதே விகிதத்தில் 37 குறைகிறதா என்பதே கேள்வி.

நோயாளிகளின் திசுவில் வேலை செய்யப்போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெதர்லாந்தில் பல குடும்பங்களில் காணப்படும் ஆர்14டெல் என்ற மரபு மாற்றத்தில் 14ஆம் ஆர்ஜினின் இல்லை. இந்தப் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி அந்த மாறிய புரதத்தை அரைகுறையாகப் பிடிக்கலாம், பிடிக்காமலே போகலாம். இயல்பான வரிசையில் செய்த பெப்டைடு ஆன்டிபாடியைச் சிறப்பாகத் தடுத்துக் காட்டும், அதனால் இந்தக் குறை வெளியே தெரியாது. பேண்ட் குறைவாக வந்ததைப் புரதம் குறைவு என்று எழுதும் முன், அந்த ஆர்ஜினின் இல்லாத பெப்டைடு ஒன்றையும் செய்து, இரண்டையும் ஒரே அளவில் போட்டு, ஆன்டிபாடியை எது எவ்வளவு தடுக்கிறது என்று பாருங்கள்.